மடியில் இறங்கும் வெயில்

2021 ஆகஸ்ட் 11 அன்று இத்தாலியின் சிசிலித் தீவில், சிராக்கூசாவை அடுத்த ஃப்ளோரிடியாவில் வெப்பமானி 48.8 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஐரோப்பாவில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் அதுவே என்று உலக வானிலை அமைப்பு 2024 ஜனவரியில் உறுதி செய்தது. அதே தீவுதான் கொமிசானா, வாலே தெல் பெலிச்சே என்ற இரண்டு பேர்பெற்ற கறவைச் செம்மறி இனங்களுக்கும் தாய்வீடு. அப்படியானால் அன்றைக்குச் சிசிலியின் செம்மறிப் பால் என்னவாயிற்று என்று கேட்கத் தோன்றும். பல பட்டிகளில் அன்றைக்குக் கறக்கப் பாலே கிடையாது. கறவை வற்றி, சினையோடு, அறுவடை முடிந்த கோதுமைத் தாளில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் அவை.

வெயிலும் செம்மறிப் பாலும் என்ற கேள்வியில் பலரும் இடறுவது இந்த இடத்தில்தான். செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வரும் வெயிலைத் தேடிப் போகிறோம். பாலைக் கெடுக்கும் வெயிலோ மே மாதக் கடைசியில், யாரும் விசிறியைக்கூடத் தேடாத 26, 28 டிகிரியில் ஆரம்பித்துவிடுகிறது. கறவைக் குடத்திலும் அது உடனே தெரிவதில்லை. சீஸ் உறையும் அண்டாவில்தான் தெரிகிறது.

நம் ஊரில் ஆட்டுப்பால் என்றால் வெள்ளாட்டுப் பால்தான். மேச்சேரியும் கீழக்கரிசலும் வேம்பூரும் கறிக்கு வளர்க்கும் செம்மறிகள். குட்டி குடித்தது போக மடியில் மிஞ்சுவதை யாரும் பாத்திரத்தில் பிடிப்பதில்லை. ஆனால் மத்தியதரைக் கடலைச் சுற்றி, ஸ்பெயினிலிருந்து துருக்கி, இஸ்ரேல் வரை, செம்மறி ஒரு கறவை மிருகம். சார்டீனியா என்ற ஒரு தீவில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல் செம்மறிகள் உண்டு. அங்கே அந்தப் பாலைக் காய்ச்சிக் குடிப்பவர்கள் குறைவு. ஏறக்குறைய எல்லாமே சீஸாகிறது. பெக்கொரினோ ரொமானோ என்று பெயரில் ரோமைச் சுமந்துகொண்டிருக்கும் சீஸ் பெரும்பகுதி சார்டீனியாவில்தான் தயாராகிறது. ஸ்பெயினின் மன்சேகோ, பிரான்சின் ரோக்ஃபோர் எல்லாம் செம்மறிப் பால்தான்.

சீஸ் செய்பவருக்குப் பால் என்றால் தண்ணீரில் கரைந்தும் மிதந்தும் நிற்கும் திடப்பொருள். பசும்பாலில் அது 12, 13 சதவீதம். செம்மறிப் பாலில் 18, 19. கொழுப்பு மட்டுமே 6 முதல் 7.5 சதவீதம், புரதம் ஐந்தரையை ஒட்டி. அதனால்தான் ஒரு கிலோ சீஸுக்குப் பசும்பால் பத்து லிட்டர் ஆகும் இடத்தில் செம்மறிப் பால் ஐந்தாறு லிட்டரில் காரியம் முடிகிறது. ஆக, இந்தத் தொழிலில் ‘தரம்’ என்ற சொல்லுக்கு அலங்காரப் பொருள் எதுவும் இல்லை. கொழுப்பு எவ்வளவு, கேசீன் என்ற உறையும் புரதம் எவ்வளவு, அதைக் கட்டிப்பிடிக்கும் சுண்ணாம்பும் பாஸ்பரசும் எவ்வளவு, மடியிலிருந்து வந்த கிருமி எவ்வளவு, இவ்வளவுதான். வெயில் இந்த நான்கிலும் கை வைக்கிறது.

இடையர்களுக்கு இது தெரியாமல் இருந்ததா? நன்றாகவே தெரியும். அவர்களுடைய ஆண்டுக் கணக்கே வெயிலுக்கு ஒதுங்கும் கணக்கு. சார்டீனியாவில் பெரிய ஆடுகள் நவம்பர், டிசம்பரில் ஈனுகின்றன. முதல் ஈத்து ஆடுகள் பிப்ரவரி, மார்ச்சில். மழைக்குப் பின் முளைத்த புல்லில் குளிர்காலமும் வசந்தமும் கறந்து, ஜூன், ஜூலையில் வற்றவிட்டுவிடுவார்கள். ரோக்ஃபோர் வட்டாரத்திலும் கறவை கோடையின் நடுவில் அடங்கிவிடும்.

இத்தாலியின் தெற்கில், புலியா சமவெளியில், ஒதுங்குவது அரசாங்கக் காரியமாகவே இருந்தது. 1447-இல் அரகோன் அரசன் அல்ஃபோன்சோ செம்மறிகளுக்கென்றே ஒரு சுங்க நிர்வாகத்தை நிறுவினான்; பின்னர் அதற்குத் தலைமையிடமானது ஃபோஜ்ஜா நகரம். செப்டம்பர் கடைசியில் அப்ருட்சோ மலைகளிலிருந்து மந்தைகள் சமவெளிக்கு இறங்கும். மே மாதத்தில், தரை காயத் தொடங்கும்போது, மறுபடி மலையேறும். அவை நடக்கவென்றே அகலமான புல்வழிகள் விடப்பட்டிருந்தன. லாக்குயிலாவிலிருந்து ஃபோஜ்ஜாவுக்கு வரும் ராஜபாட்டை 244 கிலோமீட்டர் நீளம். 1806-இல் அந்த நிர்வாகம் கலைக்கப்பட்டது. சமவெளி உழவுக்குப் போனது, ஆடுகள் கொட்டகைக்குள் தங்கின. செம்மறிப் பாலில் வெயில் செய்யும் வேலையைப் பற்றி உலகத்திலேயே அதிகமாக ஆராய்ந்த குழுக்களில் ஒன்று இன்று அதே ஃபோஜ்ஜாவின் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மலையேறுவதை நிறுத்திய ஊருக்குத்தானே கோடையைப் பற்றிக் கவலை வரும்?

செம்மறி வெயிலை எப்படித் தாங்குகிறது என்று பார்த்தால்தான் பால் ஏன் மாறுகிறது என்பது புரியும். அதன் உடல்வெப்பம் இயல்பாகவே 39 டிகிரியை ஒட்டி இருக்கும். அது மாட்டைப்போல் வியர்ப்பதில்லை. கம்பளி ஒரு குடை. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் மெரினோ ஆடுகளை அளந்தபோது வெயில் படும் மயிர்நுனி 80 டிகிரியைத் தாண்டியிருக்க, அடியில் தோல் அதில் பாதியளவே சூடாக இருந்தது. ஆனால் குடைக்குள்ளே உண்டாகும் உடல் சூடு வெளியேறியாக வேண்டும். அதற்கு வழி மூச்சு. 12 டிகிரியில் ஆட்டின் மொத்தச் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு மூச்சு வழியாகப் போகிறது என்றால், 35 டிகிரியில் ஐந்தில் மூன்று பங்கு அந்த வழியாகவே போயாக வேண்டும். நிமிடத்துக்கு இருபது, முப்பது முறை விடும் மூச்சு இருநூறைத் தாண்டும். முதலில் வாய் மூடியபடி வேகமாக, சூடு இன்னும் ஏறினால் வாய் பிளந்து.

உச்சிவெயிலில் கரிசல் காட்டில் ஆட்டுக்கூட்டம் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த காட்சி தெரியும். நிழல் இல்லாவிட்டால் ஒன்றின் வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையை நுழைத்து, உருண்டையாகக் கூடி, அசையாமல் நிற்கும். தலைக்குக் கிடைத்த நிழல் அதுதான். ஸ்பானிய மொழியில் இதற்கென்றே ஒரு வினைச்சொல் இருக்கிறது: அக்கார்ரார்சே. கோடையில் ஒன்றையொன்று நிழலாக்கிக்கொண்டு செம்மறிகள் ஒண்டுவது என்று அகராதி அதற்குப் பொருள் தருகிறது. சார்டீனியரும் மந்தை நடுப்பகலைக் கழிக்கும் நிழலிடத்துக்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள், மெரியாகு என்று. நிற்கும் ஆடு மேயாது. பால் விஷயத்தில் வெயிலின் முதல் அடி அங்கேதான் விழுகிறது.

தீனி குறைகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதிக் கதைதான். விடாமல் இரைக்கும் ஆட்டின் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ரத்தம் காரத்தன்மை அடைகிறது. அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. அசைபோடும்போது எச்சிலோடு இறங்கி இரைப்பையின் புளிப்பை அடக்க வேண்டிய சோடா உப்பு அதே பைகார்பனேட்தான். அது குறைந்துபோக, அசைபோடுவதும் குறைந்துபோக, இரைப்பை புளிக்கிறது. நாரை உடைக்கும் நுண்ணுயிர்கள் சோர்கின்றன. பாலின் கொழுப்புக்கு மூலப்பொருளில் பெரும்பங்கு அந்த நார் நொதிக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலம். மூக்கில் தொடங்கியது மடி வரைக்கும் வந்துவிட்டது.

இதற்கிடையே ஆடு தோலுக்கும் மூச்சுப்பாதைக்கும் ரத்தத்தைத் திருப்புகிறது. அந்த அளவுக்கு மடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. உடலுக்குள் அடுப்பை அணைக்கத் தைராய்டு சுரப்பும் தணிகிறது. பால் சுரப்பது சூடு கிளப்பும் வேலை, ஆகவே உடல் அதைத் தள்ளிப்போடப் பார்க்கிறது.

சரி, எந்த வெப்பத்தில் இதெல்லாம் ஆரம்பிக்கிறது? ஆராய்ச்சிக்காரர்கள் தனி டிகிரியை நம்புவதில்லை. காற்றின் ஈரத்தையும் சேர்த்து வெப்ப-ஈரப்பதக் குறியீடு என்று ஓர் எண் போடுகிறார்கள். ஆடு மூச்சால் ஆறுவதால் ஈரம் இங்கே முக்கியம். ஈரக் காற்றில் மூச்சிலிருந்து நீர் ஆவியாகாது. பரவலாகப் புழங்கும் ஒரு சூத்திரத்தில் கணக்குப் போட்டேன். 35 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் குறியீடு 27. வெறும் 30 டிகிரி, ஆனால் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 28-ஐத் தாண்டுகிறது. ஸ்பெயினின் உள்நாட்டு லா மன்சாவின் காய்ந்த வெயிலைவிடக் கடலோரப் புழுக்கம் ஆட்டுக்குக் கொடியது. சென்னையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிசிலியில் வாலே தெல் பெலிச்சே ஆடுகளின் கறவைப் பதிவேடுகளை ஃபினோக்கியாரோவும் உடன் ஆய்வாளர்களும் வானிலைப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் ஒரு மைல்கல். அதே சூத்திரத்தில் குறியீடு 23-ஐத் தாண்டியதும் பால் சரியத் தொடங்குகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஆட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம், அதாவது ஏறத்தாழ 4 சதவீதம். பாலோடு சேர்ந்து கொழுப்பும் புரதமும்கூட எடையில் குறைகின்றன. 23 என்பது எவ்வளவு வெப்பம் என்றால், ஈரப்பதம் பாதியளவு இருக்கும்போது 26 டிகிரி. நம்மூர் மார்கழிப் பகல். சார்டீனியாவில் சார்டா ஆடுகளைப் பார்த்தவர்களும் பகல் உச்சம் இருபதுகளின் முதல் பாதியைக் கடக்கும்போதே இறக்கம் தொடங்குவதைக் கண்டார்கள். ஃபோஜ்ஜா குழு சற்றுத் தாராளமானது: நெடுநாள் நீடிக்கும் 30 டிகிரியும், குறுகிய காலமே வந்தாலும் 35-க்கு மேற்பட்ட வெப்பமும்தான் தொல்லை என்பது அவர்கள் கணிப்பு. இந்த வாசல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது வீண். இனம் வேறு, சூத்திரம் வேறு. ஒரு குழு பதிவேட்டைப் பார்த்தது, இன்னொன்று கொட்டகையில் நின்று பார்த்தது. முதல் இரண்டும் மனிதர்களுக்கு இதமான வெப்பத்தை ஒட்டியே நிற்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அளவு குறைவது ஒரு புறம். தரத்துக்கு வருவோம். இங்கே ஒரு சிக்கல் உண்டு, இந்தத் துறையின் கட்டுரைகளில் பாதி இதில் மாட்டிக்கொள்கிறது. மத்தியதரைக் கடலோரத்தில் வெயில் வரும்போது ஆடு ஈன்று ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். கறவையின் கடைசிக் காலத்தில் எந்த ஆட்டுக்கும் பால் குறையும், குறைந்த பாலில் கொழுப்பும் புரதமும் அடர்ந்து நிற்கும். அதே நேரம் பச்சைப்புல் காய்ந்துவிடும். மூன்றும் ஒரே மாதத்தில் வருகின்றன. ஜூன் மாதப் பாலைச் சோதித்துக் கொழுப்பு சதவீதம் குறையவில்லை என்று ஒருவர் எழுதினால், வெயில் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தமாகாது. வெயில் இல்லாவிட்டால் அது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, அவ்வளவுதான்.

பின்னிக்கிடப்பதைப் பிரிக்க ஒரே வழி, ஒரே கறவைக் கட்டத்தில் இருக்கும் ஆடுகளுக்கு ஒரே தீனி கொடுத்து, பாதியை மட்டும் சூட்டில் வைப்பது. பார்சிலோனாத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தார் வெப்ப அறைகளில் இப்படிச் செய்தார்கள். முர்சியானோ-கிரனாதினா என்ற வெள்ளாடுகளைக் கறவையின் கடைசிக் கட்டத்தில் 37 டிகிரிப் பகலில் வைத்துப் பார்த்தபோது, தீனி குறைந்தது, தண்ணீர் குடிப்பது ஏறியது, பாலின் அளவு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பாலின் புரதமும் கேசீனும் குறைந்திருந்தன. வெள்ளாடு செம்மறியைவிட வெயில் தாங்கும் மிருகம். அதற்கே இந்தக் கதி. குடத்தை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றே எழுதியிருப்பார்கள்.

ஃபோஜ்ஜாவில் செவியும் அல்பென்சியோவும் அவர்கள் கூட்டாளிகளும் 1990-களின் கடைசியிலிருந்து கொமிசானா ஆடுகளை வைத்துச் செய்த பரிசோதனைகள் எளிமையானவை, அதனாலேயே எனக்குப் பிடித்தவை. ஆடுகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். நிழல் உள்ளவை, இல்லாதவை. காலையில் தீனி பெறுபவை, பிற்பகலில் பெறுபவை. 2001-இல் வெளியான முடிவுகளிலும் பின்னர் தொடர்ந்த ஆய்வுகளிலும் தெரிந்தது இது: வெயிலில் நின்ற ஆடுகளுக்கு மூச்சு வேகமும் உடல் வெப்பமும் கூடின; ரத்தத்தில் தாது உப்புகளின் சமநிலை குலைந்தது; நோயெதிர்ப்பு மந்தமானது; மடியில் நோய் உண்டாக்கும் பாக்டீரியா பெருகியது. பால் உறைவதும் மட்டுப்பட்டது. பிற்பகலில் தீனி வைத்ததும் நிழலும் சேர்ந்தபோது இவற்றில் பல தணிந்தன.

உறைவது மட்டுப்படுவது என்றால் என்ன என்பதை அண்டாவின் அருகில் நின்றுதான் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து டிகிரியை ஒட்டிச் சூடாக்கிய பாலில், அதை உறையவைக்கும் ரென்னெட்டை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். செம்மறிப் பால் அவசரக்காரப் பால். கேசீனும் சுண்ணாம்பும் நிறைந்திருப்பதால் பசும்பாலைவிட விரைவாக, கெட்டியாக உறையும். உறைந்ததா என்று பார்க்கக் கத்தியைச் சாய்த்துச் செருகி மெல்ல உயர்த்துவார்கள். நல்ல பாலில் கட்டி பளிச்சென்று பிளந்து, பிளவின் ஓரம் கூராக நிற்கும், அடியில் பச்சை கலந்த தெளிநீர் ஊறும். கோடைக் கடைசிப் பாலில் நேரம் இழுக்கும். பிளவு கிழிந்த ஓரத்தோடு குழையும். தெளிநீர் வெண்மையாகக் கலங்கி வரும். அந்த வெண்மைதான் நஷ்டம். கட்டியில் தங்கியிருக்க வேண்டிய கொழுப்பும் கேசீன் துகளும் தண்ணீரோடு வடிந்து போகின்றன. கட்டிக்குள் ஈரமும் மிஞ்சுகிறது, மாதக்கணக்கில் முதிர வேண்டிய சீஸுக்கு அது நல்லதல்ல.

கேசீனைக் குறைப்பது தீனிக் குறைவு மட்டும் அல்ல. பாலுக்குள்ளேயே அதை வெட்டும் ஒரு நொதி இருக்கிறது, பிளாஸ்மின் என்று. ரத்தத்திலிருந்து செயலற்ற வடிவில் மடிக்குள் வந்து, அங்கே விழித்துக்கொள்ளும். இஸ்ரேலின் வோல்கானி ஆராய்ச்சி நிலையத்தில் நிஸ்ஸிம் சிலானிகோவ் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பசுவிலும் வெள்ளாட்டிலும் காட்டியது ஒரு விசித்திரமான சங்கிலி. அழுத்தத்துக்கு ஆளான விலங்கின் உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அது பிளாஸ்மினை எழுப்புகிறது. பிளாஸ்மின் பீட்டா-கேசீனின் முனையில் ஒரு சிறு துண்டை வெட்டுகிறது. அந்தத் துண்டு பால் சுரக்கும் செல்களின் பொட்டாசியம் வழிகளை அடைத்து, சுரப்பையே குறைக்கச் சொல்கிறது. பால் தன் அளவைத் தானே குறைத்துக்கொள்கிறது, அதற்கு விலையாகத் தன் கேசீனைக் கொடுக்கிறது. அளவும் தரமும் ஒரே கத்தியால் வெட்டுப்படுகின்றன. கறவையின் கடைசிக் காலத்திலும் மடிநோயிலும் பிளாஸ்மின் எப்படியும் ஏறும். அதன்மேல் வெயிலும் சேர்ந்தால் என்னவாகும் என்று ஜூலை மாத அண்டா சொல்கிறது.

மடிநோயைப் பற்றி நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். சூடான தரை, ஈ, நெரிசலான நிழல், மந்தமான எதிர்ப்பு சக்தி எல்லாம் கிருமிக்கு வசதி. பாலில் உடற்செல் எண்ணிக்கை ஏறும். ரோக்ஃபோர்போலப் பச்சைப் பாலில் செய்யும் சீஸில் இது வெறும் கணக்கு அல்ல, பாதுகாப்பு விவகாரம். கறந்த பாலை உடனே குளிர்விக்காத பட்டிகளில் வெயில் இரண்டாம் முறையும் வேலை செய்யும். கோலிஃபார்ம் கிருமி பெருகிய பாலில் செய்த சீஸ் ஓரிரு நாளில் பஞ்சுபோல் உப்பிவிடும்.

கொழுப்பின் வகை பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஃபோஜ்ஜாவில் வெயிலில் நின்ற ஆடுகளின் பாலில் தெவிட்டிய கொழுப்பமிலங்கள் ஏறி, தெவிட்டாதவை குறைந்தன. மாடுகளில் நடந்த பல ஆய்வுகளில், மடியிலேயே உருவாகும் குறுஞ்சங்கிலி அமிலங்கள்தான் வெயிலில் குறைகின்றன. வெயிலில் ஆடு எதைத் தின்றது, எதைத் தின்னாமல் விட்டது, உடம்புக் கொழுப்பைக் கரைத்ததா இல்லையா என்பதைப் பொறுத்து இது மாறும் என்பது என் எண்ணம். செம்மறிச் சீஸின் அந்தக் காரமான வாசம் குறுஞ்சங்கிலி அமிலங்களிலிருந்துதான் வருகிறது. ஆகவே இது நாக்குக்கும் சம்பந்தப்பட்ட கேள்வி.

இனி, பேசத் தயங்கும் விஷயம் ஒன்று. வெயில் மட்டும் மாறவில்லை, ஆடும் மாறியிருக்கிறது. பிரான்சின் லக்கோன் ஆடு 1960-இல் ஒரு கறவைக்குச் சுமார் 80 லிட்டர் கொடுத்தது. தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதில் 1999-இல் அது 270 லிட்டரானது. கால்நடை அறிவியலின் பெருமைக்குரிய சாதனை அது, மறுக்க முடியாது. ஆனால் மூன்று மடங்கு பால் என்றால் மூன்று மடங்குக்கு ஏற்ற தீனியும், அதை எரிக்கும் சூடும் உண்டு. சிசிலி ஆய்வு இதை மரபணுக் கணக்கில் காட்டியது: பால் அதிகம் தரும் தன்மைக்கும் வெயில் தாங்கும் தன்மைக்கும் இடையே வலுவான எதிர்மறை உறவு இருக்கிறது. பாலுக்காக மட்டும் கிடாயைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு தலைமுறையிலும், யாரும் நினைக்காமலே, வெயிலுக்கு அஞ்சும் ஆடுகளைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள்.

இதற்கு நல்ல சாட்சி ஜெர்மனியின் கிழக்கு ஃபிரீசிய ஆடு. கறவைச் செம்மறிகளில் அதற்கு இணை கிடையாது. ஆனால் வடகடலோரக் குளிருக்குப் பிறந்தது. கிரீஸுக்கும் இஸ்ரேலுக்கும் கொண்டுபோனபோது வெயிலிலும் நுரையீரல் நோயிலும் வாடியது. இஸ்ரேல் 1955 முதல் அதை உள்ளூர் அவாசி ஆட்டோடு கலந்து அசாஃப் என்ற இனத்தை உருவாக்கியது. அவாசி, கொழுத்த வாலில் உணவைச் சேமித்துக்கொண்டு பாலைவன ஓரத்தில் வாழப் பழகிய ஆடு. கலப்பு வெற்றி பெற்று ஸ்பெயின் வரை பரவி, காஸ்தீயா-லியோனில் சுர்ரா போன்ற நாட்டு இனங்களைப் பின்னுக்குத் தள்ளியது. அசாஃப் குடத்தை நிரப்புகிறது. ஆனால் அந்தப் பால் நாட்டு ஆட்டுப் பாலைவிட நீர்த்தது.

கோடைக்கு ஒதுங்கும் பழைய நாட்காட்டி குலைவதும் இந்த இனங்களோடு சேர்ந்துதான் நடக்கிறது. ஆண்டு முழுக்க ஆலைக்குப் பால் வேண்டும் என்பதால் லா மன்சாவில் இரண்டு ஆண்டுக்கு மூன்று ஈத்து என்று முறைபோட்டுக் கறக்கிறார்கள். ஜூலையில் ஈன்று, பால் உச்சத்தில் இருக்கும் ஆடு நாற்பது டிகிரியில் நிற்கிறது. பாட்டன் காலத்தில் வராத பிரச்சினை இது.

செய்யக்கூடியவை புதுமையானவை அல்ல. நிழல், அதுவும் காற்று நுழையும் நிழல். தகரக் கூரை தாழ்ந்திருந்தால் அதுவே அடுப்பாகும். குளிர்ந்த தண்ணீர், எட்டும் தூரத்தில். கோடைக்கு முன் கம்பளி கத்தரிப்பது உதவும். ஆனால் ஒட்டக் கத்தரித்து வெட்டவெளியில் விட்டால், குடையைப் பிடுங்கிக்கொண்டு வெயிலில் நிறுத்தியது போலாகும். தீனி நேரத்தை மாற்றுவது காசே ஆகாத வழி: காலையில் தின்றது இரைப்பையில் நொதித்துச் சூடு கிளப்பும் நேரமும் நடுப்பகலும் ஒன்றாகச் சேராதபடி, முக்கியத் தீனியை நாலு மணிக்கு மேல் வைத்தால் அந்தச் சூடு இரவில் கழியும். சார்டீனிய இடையர்கள் கோடையில் இராமேய்ச்சலுக்கு ஓட்டுவது இதே அறிவுதான். ஆளிவிதை கலந்து கொடுப்பதையும் ஃபோஜ்ஜாவில் சோதித்திருக்கிறார்கள். கொஞ்சத் தீனியில் கூடுதல் சத்து போகிறது, நார் நொதிக்கும் சூடும் குறைவு. பால் தேறியது. ஆனால் ஆளிவிதைக்கு விலை உண்டு, அந்த விலை பாலில் திரும்பி வருமா என்பது பாலை எப்படி வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நம்மூர்ப் பால் சொசைட்டியில் கொழுப்பும், எஸ்.என்.எஃப் என்ற கொழுப்பல்லாத திடப்பொருளும் பார்த்துக் காசு போடுவதை அறிந்தவர்களுக்கு ஸ்பெயினின் முறை எளிதில் புரியும். அங்கே செம்மறிப் பாலுக்கு லிட்டர் விலை பேசுவதைவிட ‘எக்டோகிராதோ’ விலை பேசுவது வழக்கம்: நூறு லிட்டர் பாலில் கொழுப்பும் புரதமும் கூட்டி எத்தனை சதவீதமோ அத்தனை புள்ளி. 7-ம் 5.5-ம் சேர்ந்து 12.5 புள்ளி இருந்த பால் வெயிலில் 12-க்கு இறங்கினால், ஒரு லிட்டர்கூடக் குறையாமலே வருமானத்தில் 4 சதவீதம் போய்விடும். மன்சேகோவுக்குப் பால் எடுக்க விதியும் உண்டு, கொழுப்பு 6.5, புரதம் 4.5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. இப்படிப் புள்ளிக்குக் காசு வாங்குபவருக்கு நிழல்பந்தல் போட ஒரு காரணம் இருக்கிறது. லிட்டருக்கு மட்டும் காசு என்றால் கேசீன் போனது அண்டாக்காரரின் நஷ்டம், ஆட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. 2019 பிப்ரவரியில் சார்டீனிய இடையர்கள் கேன் கேனாகப் பாலைச் சாலையில் கொட்டியது லிட்டருக்கு 60 சென்ட் என்ற விலையை எதிர்த்து. அந்த விலையில் பந்தலுக்குக் கம்பு வாங்குவதற்கே யோசிக்க வேண்டும்.

ஃப்ளோரிடியாவின் அந்த ஆகஸ்ட் நாளில் கறக்கப் பால் இல்லை என்றேன். அதோடு விட்டுவிட்டால் தப்பாகும். நவம்பரில் ஈனும் ஆடு ஜூனில் சினைப்பட்டது. ஐந்து மாதச் சினையில் ஆகஸ்ட் என்பது அறுபதாம் நாளுக்கும் தொண்ணூறாம் நாளுக்கும் நடுவே வருகிறது. செம்மறியின் நஞ்சுக்கொடி தன் முழு வளர்ச்சியை எட்டும் காலம் அதுதான். அந்த நாட்களில் தாயைச் சூட்டில் வைத்தால் நஞ்சு சிறுத்து, குட்டி எடை குறைந்து பிறக்கும் என்பது செம்மறிகளில் பலமுறை நிறுவப்பட்டது. மனிதக் கருவின் வளர்ச்சிக் குறையை ஆராயவே ஆய்வகங்களில் இந்த முறையைக் கையாள்கிறார்கள். மடியை அடுத்த கறவைக்குத் தயார் செய்யும் ஹார்மோன்களில் ஒன்று அதே நஞ்சிலிருந்து சுரக்கிறது. சினை மாடுகளை வற்றுக் காலத்தில் வெயிலில் விட்டால் ஈன்றபின் பால் குறைவதும் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது.

ஆனால் பந்தலும் விசிறியும் போடும் சொற்பப் பண்ணைகளிலும் அவை கறவை ஆடுகளுக்குத்தான். வற்றிய ஆடுகள் தாள் காட்டில், மரமில்லாத வெளியில், ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு நிற்கின்றன.